ஹோட்டன் சமவெளி: கெமராவிற் பதிந்தவையும் பதியாதவரும்

2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் மாலை, கொழும்பில் நான் பணியாற்றிய நாளிதழின் செய்தி மேசைக்கு வெளிநாட்டுச் செய்தியொன்று வந்து சேர்ந்தது. அழிந்துபோயிற்று என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு விலங்கு, இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, ஹோட்டன் சமவெளியைச் சார்ந்த காட்டுப் பகுதியில் முதன்முறையாகப் புகைப்படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே அச்செய்தி. இலண்டன் விலங்கியற் கழகமும் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய தேடலின் பயன் அது. விலங்கின் பெயர் தேவாங்கு. மலையுச்சிக் காட்டுக்கே உரிய தனிவகைத் தேவாங்கு. 1937க்குப் பின்னர் நான்கே தடவைகள் காணப்பட்டதாகவும், 1939 முதல் 2002 வரை எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை என்றும் செய்தி கூறியது. படத்தில், ஒரு சாண் நீள உடலும் அகன்ற இரு கண்களுமாய் ஒரு மரக்கிளையைப் பற்றியபடி அது இருந்தது.

நானே அச்செய்தியை மொழிபெயர்த்தேன். 'காணாமற்போன தேவாங்கு கண்டுபிடிப்பு' என்று தலைப்பும் இட்டேன். கடைசிப் பக்கத்தில் மூன்று பத்தி அளவில் அது வெளிவந்தது.

இரண்டு நாள் கழித்து என் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தார். வெலிமடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் இரவுக் காவற்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்திரிகையை எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கமுடையவர்.

"என்னா மருமகனே, தேவாங்கு காணாமப் போயி இப்பதான் கெடைச்சிச்சின்னு போட்டிருக்கீங்களே. யாரு சொன்னா?"

"ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க மாமா. அறுபது வருசத்துக்கு மேலா யாருமே பாக்கலையாம்."

"கப்பலேறிப் போனது நம்ம ஆளுங்கதானே மருமகனே? தேவாங்குமா போச்சு?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காவலுக்குப் போன இரவுகளில், தோட்டத்தின் மேல் எல்லைக் காட்டோரத்தில், டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் நெருப்புத் துண்டுபோல் மின்னியதைப் பலமுறை கண்டதாகச் சொன்னார். அவர் கண்டது அதே மலைத் தேவாங்குதானா, அல்லது வேறு வகைத் தேவாங்கா என்பதை என்னாற் சொல்ல முடியாது. அவராலும் சொல்லியிருக்க முடியாது. அவரிடம் கெமரா இருக்கவில்லை. அவரைத் தேடி வந்து கேட்டவரும் எவருமில்லை. அன்று அந்தக் கேள்வியை மழுப்பிவிட்டேன். இப்போது எழுதுவது, பல ஆண்டு தாமதித்து அவருக்கு நான் எழுதும் பதில்.

வெலிமடையை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், உமா ஓயா பாயும் பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரம் அது. பள்ளத்தில் நெல்லும், சரிவுகளில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும், அவற்றுக்கு மேலே தேயிலையும், தேயிலைக்கு மேலே காடும் என்று படிப்படியாக உயரும் நிலம். நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில் ஹக்கல மலையும், 1861இல் சிங்கோனாப் பயிருக்காக நிறுவப்பட்ட ஹக்கல தாவரவியற் பூங்காவும் உள்ளன. மற்றொரு பக்கத்தால், பொரலந்தை, ஓஹியா வழியாக ஏறினால் ஹோட்டன் சமவெளியை அடையலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில், 3,160 ஹெக்டயர் பரப்பில், புல்வெளியும் முகிற்காடும் மாறிமாறிக் கிடக்கும் பூமி அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் செல்கிறது.

உயிரியலாளர் இத்தகைய மலையுச்சிகளைத் தீவு என்றே கருதுகின்றனர். சுற்றிலும் கடல் இல்லை. வெப்பமான தாழ்நிலம் இருக்கிறது. குளிரிலும் மூடுபனியிலும் வாழப் பழகிய பிராணி கீழே இறங்கி அடுத்த மலைக்குச் செல்ல இயலாது. எனவே அங்கேயே தனித்து, தலைமுறை தலைமுறையாக வேறுபட்டுப் போகிறது. நீலகிரி, ஆனைமலைச் சோலைக்காடுகளிலும் இதுவே நிலை. ஹோட்டன் சமவெளி, தீவுக்குள் இருக்கும் ஒரு தீவு. அங்குள்ள தேவாங்கின் கைகால்கள் தாழ்நிலத்துத் தேவாங்கின் கைகால்களைவிடக் குறுகியவை, உரோமம் அடர்ந்தது. குளிர் செய்த வேலை அது.

இந்தத் தீவுக்குள் புகுந்து 'ஆவணப்படுத்தியவர்' யார் யார் என்று பார்த்தால், முதலில் வந்தவர் கையில் இருந்தது துப்பாக்கி.

1834இல் பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் இருவர் அவ்வழியாகச் சென்று இச்சமவெளியைக் 'கண்டுபிடித்தனர்'. மகா எலிய என்று சிங்களத்தில் ஏற்கெனவே பெயர் இருந்த இடத்துக்கு, அப்போதைய தேசாதிபதி ரொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் சூட்டப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அக்காலத்து நூல்கள் வியந்து எழுதின. 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் இடி விடவில்லை என்ற கதை மலைநாடெங்கும் வழங்குகிறது. பதுளை சென். மார்க் தேவாலயத்தில் அவருடைய நினைவுக் கல்லை இன்றும் காணலாம்.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களுடன் இச்சமவெளியில் மரை வேட்டையாடியவர். பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டவர் என்று புகழ்பெற்றவர் இவரே. இலங்கை வேட்டை அனுபவங்களை 1854இலும் 1855இலும் இரண்டு நூல்களாக எழுதினார். தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய வேட்டை விடுதிதான் இன்றும் சமவெளியில் நிற்கும் ஃபார் இன். யானைக் கூட்டங்கள் உலாவிய அந்தச் சமவெளியில் இன்று ஒரு யானைகூட இல்லை.

வேட்டைக்காரர் மாத்திரமே வந்தனர் என்று சொல்வது அநீதி. இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவரான எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட், 1852இல் இந்நாட்டு விலங்குகள் பற்றிய முதல் முறையான நூலை வெளியிட்டார். ஹக்கலப் பக்கத்தில் இன்றும் கூட்டமாகத் திரியும் அடர்ந்த உரோமமுடைய மலை மந்திக்கு 1850இல் அறிவியற் பெயர் இட்டவரும் அவரே. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாது விடும்படி பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். அந்த ஆலோசனை ஏற்கப்பட்டிராவிட்டால், ஹோட்டன் சமவெளியும் ஒரு தேயிலைத் தோட்டமாகியிருக்கும். தேவாங்கைத் தேடுவதற்கே இடம் இருந்திராது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூக்கு நுனியிற் கொம்புடைய மலை ஓணானின் அறிவியற் பெயரில் ஸ்டொடார்ட் என்ற படை அதிகாரி இருக்கிறார். மலைநாட்டு நீரோடைகளில் வாழும் சீழ்க்கைக் குருவியின் பெயரில் பிளை என்ற கோப்பித் தோட்டத்துரை இருக்கிறார். துரை சுட்ட பறவையைப் புதருக்குள் புகுந்து எடுத்து வந்தவன், கூடாரத்தைச் சுமந்து மலையேறியவன், இன்ன மரத்தில் இன்னது இருக்கிறது என்று காட்டியவன் ஆகியோரில் எவர் பெயரும் எந்த விலங்கின் பெயரிலும் இருந்ததை நான் கண்டதில்லை.

1820களில் தொடங்கித் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்து வந்த எம் முன்னோர், இந்நாட்டு வனவிலங்குகளை நேருக்கு நேர் சந்தித்தவர்கள். சிறுத்தைக்கும் யானைக்கும் கொள்ளை நோய்க்கும் வழியில் பலியானவர் எத்தனை பேர் என்பதற்கு முழுமையான கணக்கு இல்லை. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றவர்களுக்கும் இதுவே மனத்தில் உறுத்தியது. ரொஜர்ஸ் கொன்ற யானைகளுக்குக் கணக்கு இருக்கிறது. வழியில் விழுந்த மனிதர்களுக்கு இல்லை.

பிறகு வந்த கணக்கும் கழித்தற் கணக்காகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மாமன் சொன்ன கப்பல், தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற அந்தக் கப்பல்தான். அவருடைய தம்பி அதில் ஏறிப் போனவர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் நிறைவேற 2003 வரை செல்ல வேண்டியிருந்தது.

இதே காலத்தில் விலங்குகளுக்கான சட்டங்கள் படிப்படியாக வலுப்பெற்றன. தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. வனஜீவராசிகள் திணைக்களம் 1949இல் அமைந்தது. ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல், தேவாங்குச் செய்தி வந்த அதே கோடையில், மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். இவற்றில் ஒன்றையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

துப்பாக்கியின் இடத்தைக் கெமரா பிடித்த வரலாறும் சுவையானது. அமெரிக்கரான ஜோர்ஜ் ஷைராஸ், விலங்கின் கால் ஒரு கயிற்றில் பட்டவுடன் ஒளி வெடித்துப் படம் பிடிக்கும் பொறியை அமைத்தார். அவர் இரவில் எடுத்த படங்களை 1906 ஜூலையில் நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை வெளியிட்டது. இந்தியாவில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சம்பியன், இதே முறையில் புலிகளைப் படமெடுத்து 1927இல் நூலாக்கினார். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த், புலியின் வரிகள் மனிதரின் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடுபவை என்பதைப் பயன்படுத்தி, தானியங்கிக் கெமராப் படங்களைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே இனங்கண்டு எண்ணும் வழியை நிலைநாட்டினார்.

அக்காலத்துக் கெமராவில் 36 படம் கொண்ட பிலிம் சுருள் இருந்தது. காற்றில் ஒரு கிளை அசைந்தாலும் ஒரு படம் வீண். சுருள் முடிந்தால் மலையேறிச் சென்று மாற்ற வேண்டும். டிஜிட்டல் கெமரா வந்த பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. விரல்நகமளவான நினைவட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. வெப்பமான உடல் ஒன்று குறுக்கே அசைந்தால் உணரி விழித்துக்கொள்கிறது; கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் படம் விழுகிறது; திகதியும் நேரமும் வெப்பநிலையும் அதன் அடியிலே பதிகின்றன. சிறுத்தையின் வலப்பக்கப் புள்ளிகளும் இடப்பக்கப் புள்ளிகளும் வெவ்வேறானவை. ஆதலால் பாதையின் இரு புறமும் எதிரெதிரே ஒவ்வொரு கெமராவைக் கட்டுகின்றனர். பின்னர் கணினியில் புள்ளிகளை ஒப்பிட்டு, இது முன்பு வந்த அதே சிறுத்தையா, புதியதா என்று தீர்மானிக்கின்றனர்.

தேவாங்கு இதற்கெல்லாம் அகப்படுவதில்லை. இரவில் மரக்கிளைகளில் மெல்ல ஊர்ந்து திரியும் பிராணி அது. இரவிரவாகக் காட்டுக்குள் நடந்து, விளக்கொளியில் அதன் கண்கள் திருப்பியனுப்பும் மினுக்கத்தைத் தேடவேண்டும். 2009இல் ஆய்வாளர்கள் செய்தது அதைத்தான். கண்டவற்றைப் படமெடுத்தனர், சிலவற்றைப் பிடித்து அளவெடுத்து விடுவித்தனர். நூறுக்கும் குறைவானவையே எஞ்சியிருக்கக்கூடும் என்ற அவர்களுடைய அச்சம், கண்டுபிடித்த மகிழ்ச்சியைவிடப் பெரிதாயிருந்தது. முறையைப் பார்த்தால், என் மாமன் டோர்ச்சுடன் செய்ததும் இதுவேதான். அவரிடம் குறிப்பேடும் கெமராவும் இருக்கவில்லை என்பதே வேறுபாடு.

சில ஆண்டுகளுக்குப் பின்னர், ஊர் சென்றிருந்தபோது, தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டில் சிறுத்தைகளை ஆராயும் இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். சிங்கள இளைஞர்; பண்பானவர். மடிக்கணினியைத் திறந்து, ஒரு பாதையோரம் கட்டியிருந்த கெமராவின் படங்களைக் காட்டினார். மரை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மரநாய் என்று வரிசையாக ஓடின. அதிகாலை 4.51க்கு ஒரு சிறுத்தை நிதானமாகக் கடந்து சென்றது. அடுத்த படம் 5.37. தலையில் விறகுக் கட்டுடன் ஒரு பெண். சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். அடுத்த படத்தில் அவருக்குப் பின்னால் இன்னொரு பெண். சிறுத்தை நடந்த அதே பாதை. நாற்பத்தாறு நிமிட இடைவெளி.

"இவை எங்களுக்குத் தேவையில்லை சேர். அழித்துவிடுவோம்" என்றார் அவர்.

எனக்குச் சுரீரென்றது. ஏன் என்று கேட்டேன். அவர் விளக்கினார். மனிதரின் அனுமதியின்றி எடுக்கப்பட்ட படங்களை வைத்திருத்தல் முறையன்று. மேலும், ஒதுக்குக் காட்டில் விறகு எடுத்தல் குற்றம். அப்படம் வேறு கைகளுக்குப் போனால், அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அவர் சொன்னது நியாயம். அந்தப் படங்களை அழிப்பது அப்பெண்களுக்குச் செய்யும் பாதுகாப்பு. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதிவில் இருந்தால் குற்றவாளி, இல்லாவிட்டால் இல்லவே இல்லாதவர் என்ற இரண்டைத் தவிர அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது இடம் ஒன்று இல்லையா?

அந்த மூன்றாவது இடம் இல்லாமையின் விலையை 2020இல் கண்டோம்.

2019இல் வனஜீவராசிகள் திணைக்களம் மத்திய மலைநாட்டிற் பொருத்திய தானியங்கிக் கெமராக்களில் ஒரு கருஞ்சிறுத்தை பதிந்தது. அது வேறு இனமன்று. நிறமி மிகுதியால் கறுத்துப் பிறக்கும் சிறுத்தையே. அந்தக் காணொளி நாடெங்கும் பரவிற்று. 2020 மே 26ஆம் திகதி, நல்லதண்ணிப் பகுதியில், லக்ஷபான தோட்டத்தின் மரக்கறித் தோட்டம் ஒன்றில், ஒரு கருஞ்சிறுத்தை கழுத்திற் கம்பிச் சுருக்கு இறுகிய நிலையிற் காணப்பட்டது. மயக்க மருந்து செலுத்தி மீட்டு, சிகிச்சைக்காக உடவளவை கொண்டு சென்றனர். மே 29ஆம் திகதி அது இறந்தது.

அந்தச் சுருக்குகள் பெரும்பாலும் சிறுத்தைக்காக வைக்கப்படுபவை அல்ல. லயத்தின் பின்னால் உள்ள ஒரு துண்டு நிலத்தில் கிழங்கோ கரட்டோ போட்டிருப்பார்கள். ஓர் இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் மூன்று மாத உழைப்பு போயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பி ஒன்றைச் சுருக்கிட்டு வேலியோரம் கட்டுகிறார்கள். பன்றி இறைச்சிக்காகக் கட்டுவோரும் உண்டு. கம்பிக்கு வேறுபாடு தெரியாது. பன்றியைத் தேடி வரும் சிறுத்தையும் அதே வழியால் வருகிறது. சிங்கமும் வரிப்புலியும் இல்லாத இத்தீவில் சிறுத்தையே உச்ச வேட்டை விலங்கு. தோட்ட மக்கள் அதைப் 'புலி' என்றே சொல்கிறார்கள். கம்பிச் சுருக்குகள் இன்று அதற்குப் பேராபத்தாகியுள்ளன.

கருஞ்சிறுத்தையின் படம் எடுக்கப்பட்டதாற் கருஞ்சிறுத்தை காப்பாற்றப்படவில்லை என்பது என்னை மிகவும் வருத்திய உண்மை. அப்படம் கொழும்பில் பார்க்கப்பட்டது, வெளிநாடுகளிற் பார்க்கப்பட்டது. அது நடமாடிய காட்டோரத்து லயங்களில் வாழ்வோரிடம், உங்கள் மலையில் இப்படியொன்று இருக்கிறது, அதைக் காப்பதற்கு உங்களுக்கு என்ன தேவை என்று அவர்கள் மொழியில் எத்தனை பேர் சென்று கேட்டிருப்பர்? பயிருக்கு இழப்பீடு, வேலி, விறகுக்கு மாற்று ஆகியவற்றில் ஏதாவது பேசப்பட்டதா? சிறுத்தை இறந்த பின்னர், தோட்டத் தொழிலாளர் கொடியவர் என்று சமூக வலைத்தளங்களில் எழுதியவர்கள் பலர். அப்போதுதான் அவர்கள் பதிவில் இடம்பெற்றார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எம்மவரை நிரபராதிகள் என்று காட்டுவது என் நோக்கமன்று. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து சிலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்று, அதனைக் கைத்தொலைபேசிகளிற் படமெடுத்துப் பரப்பியவர்கள் தமிழரே. டிஜிட்டல் கெமரா அங்கும் இருந்தது. ஒரே கருவி ஓரிடத்தில் உயிரைக் காட்டியது, மற்றோரிடத்தில் கொலையைக் கொண்டாடியது. கருவியைக் கையிலெடுக்கும் முன்னர் மனிதருக்கு வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

அது என்ன என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நற்சான்று உண்டு. 2022 ஒக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டயர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது; தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் அதுதான். நம் பேச்சில் 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்பது ஏளனம். ஏளனச் சொல்லாக மட்டும் எஞ்சியிருந்த பிராணிக்கு ஒரு காடு கிடைத்தது. அது நம் மொழியில் நமக்குத் தெரிந்த பெயருடன் கிடைத்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இலங்கையிலும் நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டு முதல் சிறுத்தைகளை ஆராய்ந்துவரும் அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் இருவரும் நிறுவிய வனப் பாதுகாப்பு அறக்கட்டளை, மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளிலும் கெமராக்களைப் பொருத்திச் சிறுத்தைகளை இனங்கண்டு வருகிறது. தேயிலைக்கு நடுவே எஞ்சியுள்ள சிறு காட்டுத் துண்டுகளையும் சிறுத்தைகள் பயன்படுத்துகின்றன என்பதை இத்தகைய ஆய்வுகளே அறிவுலகுக்குக் காட்டின. கொழுந்து எடுக்கும் பெண்கள் இதை நீண்டகாலமாக அறிவார்கள். ஆளில்லாமற் காடேறிப்போன மலைகளில் இறங்குமுன் கைதட்டிக் குரல்கொடுத்துவிட்டு இறங்குவார்கள் என்று மாமன் சொல்லியிருக்கிறார். அந்த அறிவும் ஆய்வும் ஒரே மேசையில் அமரவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

தொலைபேசியில் அழைத்த அந்த ஆண்டின் இறுதியில் மாமனிடம் சென்றேன். ஒரு கொப்பியை எடுத்துவைத்துக்கொண்டு, தேவாங்கைக் கண்ட ஒவ்வோர் இரவையும் நினைவுபடுத்திச் சொல்லும்படி கேட்டேன். இரண்டு நாட்கள் எடுத்தன. ஆண்டு தெரியாதபோது, 'சின்னவ பொறந்த வருசம்', 'பெரிய மண்சரிவுக்கு முந்தின மார்கழி' என்று சொன்னார். எந்த மலை, எந்த மரம், எவ்வளவு உயரம், மழையா பனியா என்று எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினொரு பதிவுகள். சந்தேகமானவற்றை அவரே விலக்கினார்: "அது மரநாயாக்கூட இருக்கும் மருமகனே, எழுதாதீங்க." அந்த நேர்மையைச் செய்தியாளர் பலரிடம் நான் கண்டதில்லை.

முன்னே சொன்ன ஆய்வாளரிடம் அக்கொப்பியின் பிரதியைக் கொடுத்தேன். கவனமாகப் படித்தார். 'உறுதிப்படுத்தப்படாத காட்சிகள்' என்ற பிரிவில் சேர்ப்பதாகச் சொன்னார். எனக்கு அதில் மனக்குறை இல்லை. படமில்லாதபோது அதுவே முறை. மாமனிடம் சொன்னேன். "எழுதியாச்சில்ல, அது போதும்" என்றார். அதற்கு ஐந்தாண்டு கழித்து அவர் காலமானார்.

இன்று அதே லயத்தில் அவருடைய பேரன் கையில் ஒரு திறன்பேசி இருக்கிறது. அது எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் திகதியையும் நேரத்தையும், விரும்பினால் இடத்தையும் குறித்துக்கொள்ளலாம். கெலார்ட்டுக்கும் பேக்கருக்கும் கிடைக்காத கருவி அது. அவனிடம் நான் மூன்று விடயங்களைச் சொல்லியிருக்கிறேன். கண்டதைப் படமெடு, நெருங்காதே. இடத்தை ஊரறியச் சொல்லாதே. சுருக்கு வைப்பவனும் அதைப் பார்ப்பான். படத்தோடு, இந்தப் பிராணிக்கு வீட்டுப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் எழுதி வை.

சென்ற பொங்கலுக்கு அவன் எனக்கொரு படம் அனுப்பினான். தேவாங்கு அன்று, ஓஹியாப் பாதையோரம் பனிக்குள் நின்ற ஒரு மரை. கீழே எழுதியிருந்தான்: 'மரை, காலை 6.10, தாத்தா காவலிருந்த எல்லைக்கு மேலே.' கொப்பியின் பன்னிரண்டாவது பதிவாக அதை எழுதிவைத்தேன்.